எழுத்துவழி ரோல்பிளே ஆட்டங்களில் சொந்தமாக உடை டிசைன் சமர்ப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலர் இணையத்தில் சேர்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக எழுத்தாலேயே நடித்து ஆடும் ஆட்டங்கள் இவை. படமே இல்லாத இந்த ஆட்டத்தில் ஓர் உடை என்பது நான்கைந்து வாக்கியம்தான். அந்த வாக்கியங்களை நாமே எழுதிக் கொடுத்து, அட்மின்களின் ஒப்புதல் கிடைத்ததும் ஆட்டத்துக்குள் தைக்கலாம், உடுத்தலாம், விற்கலாம். நான் பல வருடம் இப்படி டிசைன் எழுதியவன். பிறகு ஓர் ஆட்டத்தில், மற்றவர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கும் குழுவிலும் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆட்டத்துக்கு ஆட்டம் விதி மாறும். உங்கள் ஆட்டத்தின் ஹெல்ப் கோப்பு வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

டிசைன் என்றால் ஏதாவது வரைந்து அனுப்ப வேண்டுமா?

வேண்டாம், எழுதினால் போதும். இந்த ஆட்டங்களில் அறை, ஆள், வாள், செருப்பு எல்லாமே எழுத்துதான். ஒருவர் உங்கள் கேரக்டரை 'லுக்' கட்டளை போட்டுப் பார்த்தால், உடுத்தியிருப்பவற்றின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் ஒன்றை மட்டும் உற்றுப் பார்த்தால் அதன் முழு விவரணை வரும். அந்தப் பெயரையும் விவரணையையும் புதிதாக எழுதி, "இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதைத்தான் டிசைன் சமர்ப்பிப்பது என்கிறோம்.

எல்லா ஆட்டத்திலும் ஒப்புதல் வாங்க வேண்டுமா?

இல்லை. இதற்குக் கொஞ்சம் பின்கதை உண்டு. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற ஆட்டத்திலிருந்துதான் இந்த வகை முழுவதும் கிளைத்தது. அதில் உலகத்தை எழுதுவது ஆட்டத்தை உருவாக்கியவர்களின் வேலை. 1989-ல் ஜிம் ஆஸ்ப்னெஸ் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதிய டைனிமட் அதைத் திருப்பிப் போட்டது. உள்ளே வந்தவர்களே அறைகளையும் பொருள்களையும் உருவாக்கலாம் என்றானது. அடுத்த வருடம் பவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூவும் அந்த வழியில் வந்ததுதான். இந்தக் கிளையைச் சேர்ந்த ஆட்டங்களில் பெரும்பாலும் நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கேரக்டரின் உடையை நீங்களே எழுதிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒப்புதல் தேவைப்படுவது, பொருளுக்கு விலையும் வியாபாரமும் இருக்கும் ஆட்டங்களில். அங்கே தையல் ஒரு தொழில். துணி வாங்கி, தைத்து, இன்னொருவருக்கு விற்கிறீர்கள். நீங்கள் எழுதிய வாக்கியம் முன்பின் தெரியாத நூறு பேர் திரையில் தோன்றும். அதனால்தான் இன்னொருவர் ஒருமுறை படித்துப் பார்க்கிறார்.

ஒரு டிசைனில் என்னென்ன பகுதிகளை எழுத வேண்டும்?

1991-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த டிக்குமட் என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சில பகுதிகள் இருந்தன: அழைக்கும் சொற்கள், சுருக்கப் பெயர், தரையில் கிடக்கும்போது தெரியும் வரி, உற்றுப் பார்த்தால் வரும் விவரணை. இன்றும் பெரும்பாலான ஆட்டங்களின் படிவத்தில் பெயர் மாறியிருந்தாலும் இதே பகுதிகள்தான் இருக்கும்.

சுருக்கப் பெயர் என்பது "ஒரு நீளமான பழுப்புக் கம்பளிக் கோட்டு" என்பது போன்றது. தரைவரி என்பது அந்தக் கோட்டை யாராவது கழற்றிப் போட்டுவிட்டுப் போனால், அறைக்குள் வருகிறவருக்குத் தெரிவது: "பழுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று கைகள் உள்ளே மடங்கிக் கிடக்கிறது." புதியவர்கள் இந்த வரியில்தான் அதிகம் தவறுவார்கள். "கோட்டு நாற்காலி முதுகில் தொங்குகிறது" என்று எழுதுவார்கள். கோட்டு கிடக்கும் இடம் நடுக்காடாக இருக்கலாம். அங்கே நாற்காலி எங்கிருந்து வரும்? எந்தத் தரையிலும் கிடக்கக்கூடிய மாதிரி எழுதுங்கள்.

அழைக்கும் சொற்கள் என்பவை ஆட்டத்தின் நிரலுக்காக. "கோட்டை எடு" என்று தட்டினால் எந்தப் பொருளைக் குறிக்கிறோம் என்று அது இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். உங்கள் பெயரில் உள்ள முதன்மைச் சொல் இங்கேயும் இருந்தே ஆக வேண்டும். பெயரில் 'அங்கி' என்று எழுதிவிட்டு அழைக்கும் சொல்லில் 'கோட்டு' மட்டும் கொடுத்தால், உடுத்தியவர் கழற்ற முடியாமல் தவிப்பார்.

சில ஆட்டங்களில், உடுத்தும்போதும் கழற்றும்போதும் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும் செய்தியையும் நீங்களே எழுதலாம். "கொக்கியை மாட்டி, அங்கியைத் தோளில் இழுத்துவிடுகிறார்" என்ற அளவு போதும். ஒரு நாளைக்கு ஐந்து முறை உடை மாற்றும் ஆட்டக்காரர் உண்டு. நீளமான செய்தியை மூன்றாவது முறை படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பெயருக்கு எவ்வளவு நீளம்?

ஆட்டம் சொல்லும் அளவுதான். ஜெம்ஸ்டோன் 4 என்ற எழுத்து ஆட்டத்தை ஆடியவர்களுக்கு '15/15/15' என்ற கணக்கு பழக்கமாக இருக்கும். பெயரை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும். இறுக்கமான கணக்குதான். ஆனால் அது எனக்கு நல்ல பயிற்சியாக இருந்தது. அடைமொழி இரண்டுக்கு மேல் போனால் பெயர் படிக்கவே வராது. ஒருவர் பன்னிரண்டு துணிமணி அணிந்திருந்தால், பார்ப்பவர் திரையில் பன்னிரண்டு பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவரணைக்கு நான்கு முதல் ஆறு வாக்கியம் நல்ல அளவு. பழைய டெர்மினல் திரைகளில் ஒரு வரிக்கு 80 எழுத்து. 1978-ல் வந்த விடி100 என்ற டெர்மினலும் அப்படித்தான், வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. அந்த அளவில் கால்வாசித் திரையைத் தாண்டாமல் எழுதினால், சுற்றி நடக்கும் உரையாடல் மேலே ஓடி மறைந்துவிடாது. விருந்து நடக்கும் கூடத்தில் முப்பது பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உங்கள் உடையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

விவரணையில் எதை எழுதக் கூடாது?

திருப்பி அனுப்பப்படும் டிசைன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டுகின்றன. அதனால் விரிவாகச் சொல்கிறேன். நான் முதன்முதலில் எழுதி அனுப்பிய அங்கி இது. எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன்:

"நள்ளிரவின் இருளையே நெய்து செய்ததுபோன்ற இந்தக் கருப்பு அங்கியைப் பார்த்த மாத்திரத்தில் உங்கள் நெஞ்சு படபடக்கிறது. அணிந்தவளின் மெல்லிய இடையைத் தழுவி, அவள் நடக்கும்போது காற்றில் மிதக்கிறது. நிலவொளியில் அதன் வெள்ளிச் சரிகை மின்னுகிறது. இதைப் போன்ற அங்கி உலகில் வேறில்லை."

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கூடவே ஐந்து கேள்விகள். என் நெஞ்சு படபடக்கிறது என்று நீ எப்படிச் சொல்லலாம்? இதை ஓர் ஆண் உடுத்தினால்? பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தால் எப்படி மிதக்கும்? மதியத்தில், நிலவறையில், நிலவு எங்கே? உன்னிடம் இரண்டு பேர் வாங்கினால் 'வேறில்லை' என்பது பொய்யாகிவிடாதா?

கோபம் வந்தது. ஒரு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. பிறகு அந்த ஐந்து கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது ஒன்று தெரிந்தது. நான் எழுதிய நான்கு வாக்கியத்தில் அங்கியைப் பற்றி உருப்படியாக இருந்தது இரண்டே செய்தி: கருப்பு, வெள்ளிச் சரிகை. மற்றதெல்லாம் உடுத்தியவளைப் பற்றி, பார்ப்பவரைப் பற்றி, வானத்தைப் பற்றி. துணியைத் தொடவே இல்லை.

பார்ப்பவரின் உணர்ச்சி அவருக்குச் சொந்தம். உடுத்துபவரின் உடலும் நடையும் அவருக்குச் சொந்தம். ரோல்பிளே ஆட்டத்தில் இதை மரியாதை என்றே நான் நினைக்கிறேன். ஒருவர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து உருவாக்கிய கேரக்டர் அது. முரட்டுக் கிழவராக இருக்கலாம், ஒற்றைக் கை உள்ளவராக இருக்கலாம். நாம் தைத்த சட்டை அவருக்கு மெல்லிய இடையைத் தந்துவிடக் கூடாது.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? அதே அங்கியைச் சரியாக எழுதிக் காட்ட முடியுமா?

திருத்தி அனுப்பி, ஒப்புதல் கிடைத்த வடிவம் இது:

"கணுக்கால்வரை நீளும் இந்த அங்கி, நெருக்கமாக நெய்த கருங்கம்பளியால் ஆனது. வெளிப்பக்கம் அடர்கருப்பு, உள்துணி மட்டும் கருநீலப் பட்டு. கீழ்விளிம்பில் விரல் அகலத்துக்கு வெள்ளிச் சரிகை ஓடுகிறது. மூலைகளில் அது மூன்று சிறு பிறைகளாக வளைந்து திரும்புகிறது. கழுத்தருகே, பொத்தானுக்குப் பதிலாகக் கறுத்துப்போன வெள்ளிக் கொக்கி ஒன்று மடிப்புக்குள் மறைந்திருக்கிறது."

இரவு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். கருநீல உள்துணியும் பிறைகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. இதைத் தரையில் போடலாம், பெட்டியில் வைக்கலாம், யாரும் உடுத்தலாம், நடுப்பகலில் பார்க்கலாம். எந்த இடத்திலும் ஒரு வாக்கியமும் பொய்யாகாது.

நான் எழுத உட்காரும்போது ஒரு தையல்காரர் கையில் அந்த உடையைக் கொடுத்து, புரட்டிப் பார்க்கச் சொல்வதாக நினைத்துக்கொள்வேன். அவர் முதலில் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார்: கனமா, மெலிசா, சொரசொரப்பா, வழுவழுப்பா. பிறகு வெட்டு: எங்கே இறுக்கம், எங்கே கொசுவம், கை எதுவரை. அடுத்து தையல்: மடித்துத் தைத்திருக்கிறதா, பிசிர் தெரிகிறதா, காஜா ஒழுங்காக இருக்கிறதா. எதை வைத்துப் பூட்டுகிறது: பொத்தான், நாடா, கொக்கி. வேலைப்பாடு கடைசியில்தான். புதியவர்கள் வேலைப்பாட்டில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ரோஜாப் பூத்தையல் என்ன நிறம் என்று தெரியும், அது சட்டையில் இருக்கிறதா பாவாடையில் இருக்கிறதா என்று தெரியாது.

ஒரே ஒரு விசேஷம் போதும். மேலே சொன்ன பழுப்புக் கோட்டை நான் பிறகு டிசைனாக்கியபோது, இடது கைப்பட்டையில் மட்டும் ஒரு கிழிசலை வேறு நிற நூலால் இழையோட்டி அடைத்திருப்பதாக எழுதினேன். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. நான் எழுதியவற்றில் அதிகம் விற்றது அந்தக் கோட்டுதான். வாங்கிய ஒவ்வொருவரும் அந்த ஒட்டுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒருவருக்கு அது தங்கை தைத்தது, இன்னொருவருக்கு கத்திக்குத்துப் பட்ட இடம். யார் தைத்தார்கள் என்று நான் எழுதியிருந்தால் இந்தக் கதைகளுக்கு இடமே இருந்திருக்காது.

பை வைத்த கோட்டு எழுதினேன். "பையை எடுத்துவிடு" என்கிறார்கள். ஏன்?

விவரணையில் பை இருந்தால் ஆட்டக்காரர் அதில் நாணயத்தைப் போட்டுப் பார்ப்பார். நிரலில் அந்தக் கோட்டு கொள்கலனாக இல்லாவிட்டால் "அதில் எதையும் வைக்க முடியாது" என்று பதில் வரும். எழுத்து ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்று சொல்லும். பை உள்ள உடைக்கென்று தனி வகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வகையில் சமர்ப்பியுங்கள். இல்லாவிட்டால் பையை விட்டுவிடுங்கள்.

கத்தி மறைக்கும் உறை, தானாக ஒளிரும் நூல், மழையில் நனையாத துணி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நிரல் செய்யாத ஒன்றை விவரணை வாக்குக் கொடுக்கக் கூடாது. வைரம் பதித்த பொத்தானும் இதில் சேரும். ஆட்டத்தில் வைரத்துக்கு விலை உண்டு. வெறும் துணி விலைக்கு வைரம் பதித்த சட்டை வந்துவிட்டால், கல் வெட்டிப் பிழைக்கும் கேரக்டர்களின் தொழில் போய்விடும். கல் வேண்டுமென்றால் படிவத்தின் மூலப்பொருள் பட்டியலில் கல்லையும் சேர்த்துக் கணக்குக் காட்டுங்கள்.

என் ஆட்டம் பழைய காலத்து உலகம். எந்தத் துணி, எந்தப் பொருள் ஒத்துவரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஹெல்ப் கோப்பில் துணிப் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். அதில் இல்லாததற்கு, நம் உலகில் அது எப்போது வந்தது என்று பார்ப்பது நல்ல அளவுகோல். நான் சரிபார்த்த நாட்களில் அடிக்கடி மாட்டியவை இவை.

ஜிப்: கிடியன் சுண்ட்பேக்கின் காப்புரிமை 1917-ல்தான். வாளும் வில்லும் உள்ள உலகில் அதற்கு இடமில்லை. ஒட்டுப் பட்டையான வெல்க்ரோ அதற்கும் பிந்தியது, 1950-கள். நைலான் 1935-ல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஜீன்ஸ் பைகளின் மூலைகளில் இருக்கும் செம்பு ரிவெட்டுக்குக் காப்புரிமை 1873. தையல் இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. ஆகவே "இயந்திரத் துல்லியத்தோடு ஓடும் தையல்" என்று எழுதினால் திரும்பி வரும். கையால் அவ்வளவு நேராகத் தைத்தவரின் திறமையை எழுதுங்கள், அது அழகாகவும் இருக்கும்.

நிறத்தில் யாரும் கவனம் வைப்பதில்லை. வில்லியம் பெர்கின் 1856-ல் மாவ் என்ற ஊதாவைக் கண்டுபிடித்த பிறகுதான் செயற்கைச் சாயங்களின் காலம் தொடங்கியது. அதற்கு முன் அவுரி, மஞ்சிட்டி, அரக்கு போன்ற தாவர, பூச்சிச் சாயங்கள்தான். ஊதா அதில் தனிக்கதை. கடல் நத்தையிலிருந்து எடுக்கும் ஊதாவை ஆராய்ந்த பால் ஃப்ரீட்லெண்டர் 1909-ல் 12,000 நத்தைகளிலிருந்து பெற்றது 1.4 கிராம் சாயம். ஓர் உடையின் விளிம்புக்கே அது எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊதாவை அரசரோடு சேர்த்துப் பேசும் உலகில், மீன் விற்கும் கேரக்டருக்கு முழு ஊதாப் பாவாடை எழுதினால் சரிபார்ப்பவர் கேள்வி கேட்பார். அவுரியில் ஒருமுறை மட்டும் முக்கியெடுத்த வெளிர்நீலம் என்று எழுதிப் பாருங்கள். ஏழைக்கும் பொருந்தும், சாயம் எப்படிப் பிடிக்கிறது என்பதும் தெரியும்.

இது கற்பனை உலகம்தானே, ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்கால, விண்வெளி ஆட்டங்களில் இந்தக் கவலை இல்லைதான். ஆனால் பழைய உலகம் என்று சொல்லி அழைத்துவந்த இடத்தில் ஒரே ஒரு ஜிப் இருந்தாலும், அதைப் படிக்கிறவர் அந்த உலகத்தைவிட்டு வெளியே வந்துவிடுகிறார்.

ஊர்ப்பெயரில் உள்ள துணிகளை எழுதலாமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஆங்கிலத்தில் துணிகளுக்குள் ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. காலிகோ என்பது கோழிக்கோடு. மஸ்லினில் மொசூல், டமாஸ்கில் டமாஸ்கஸ், டெனிமில் பிரான்ஸின் நீம் நகரம். மாங்காய் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெய்ஸ்லி, ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊர். டமாஸ்கஸே இல்லாத கற்பனை உலகில் டமாஸ்க் இருக்கலாமா?

என் கருத்து: மஸ்லினும் டமாஸ்கும் சாதாரணத் துணிப்பெயராகிவிட்டன, விட்டுவிடலாம். பெய்ஸ்லி என்பதற்குப் பதில் "வளைந்த நுனியுள்ள மாங்காய் வடிவங்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கும் தெளிவாகத் தெரியும். ஆள் பெயரிலிருந்து வந்த கார்டிகன், ராக்லன் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. இரண்டும் கிரிமியப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் தளபதிகளின் பட்டங்கள். "பாரிஸ் பாணி" போன்றவை எங்கேயும் நிற்காது.

ஆட்டம் ஆங்கிலத்தில். நான் தமிழில் யோசிக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நாம் அன்றாடம் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லும் உடைப்பெயர்களில்தான். நமக்கு 'டிரஸ்' என்றால் எந்த உடையும். ஆங்கிலத்தில் அது மேலும் கீழும் சேர்ந்த பெண்கள் கவுன். புடவைக்குப் போடும் 'ஜாக்கெட்' அங்கே மேலே போடும் கோட்டு வகை. 'பனியன்' என்று எழுதினால் பதினெட்டாம் நூற்றாண்டு ஆண்கள் வீட்டில் அணிந்த தொளதொள அங்கி என்று புரிந்துகொள்வார்கள். 'வெஸ்ட்' பிரிட்டனில் உள்ளாடை, அமெரிக்காவில் கையில்லாத மேல்கோட்டு. உங்கள் ஆட்டத்தின் ஆங்கிலம் பிரிட்டனுடையதா, அமெரிக்காவுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜோடி. கையுறை, காலுறை, கால்சட்டை எல்லாம் ஆங்கிலத்தில் 'பேர் ஆஃப்' என்று தொடங்கும். நிரல் சில இடங்களில் முன்னால் 'எ' அல்லது 'ஆன்' என்று தானாகச் சேர்க்கும், சில இடங்களில் நாமே எழுத வேண்டும். இரண்டு தரம் வந்துவிடாமல், அல்லது வராமலே போய்விடாமல் பாருங்கள். அடைமொழிகளை அளவு, நிறம், துணி என்ற வரிசையில் அடுக்குவது அவர்கள் காதுக்கு இயல்பு.

இலக்கணப் பிழைக்காக வெட்கப்பட வேண்டாம். சரிபார்ப்பவர்கள் அதைத் திருத்தித் தருவார்கள். யோசனை இல்லாத டிசைனை அவர்களால் திருத்த முடியாது.

வண்ணக் குறியீடும், எழுத்துகளால் வரைந்த படமும் சேர்க்கலாமா?

பெரும்பாலான ஆட்டங்களில் கூடாது. அனுமதி இருந்தாலும் சேர்க்காதீர்கள் என்றே சொல்வேன். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பலர் இந்த ஆட்டங்களில் இருக்கிறார்கள். முழுக்க எழுத்து என்பதால் ஸ்கிரீன் ரீடர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிடும். நட்சத்திரக் குறிகளால் நீங்கள் வரைந்த பூவை அது "நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்" என்று வாசிக்கும்.

அப்படி ஒரு தோழி என் கடைக்கு வந்தார். எட்டுச் சால்வைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எட்டும் எட்டு நிறம் என்று தெரிகிறது. கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒன்றிலாவது எழுதியிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து என் எந்த டிசைனிலும் கைக்குத் தெரியும் ஒரு செய்தியாவது இல்லாமல் அனுப்புவதில்லை: கழுத்தோரத்தில் உறுத்தும் கம்பளி, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி, குளிர்ந்து கனக்கும் சரிகை. பார்வை உள்ளவர்களும் அந்த வரிகளைத்தான் நினைவில் வைத்துச் சொல்கிறார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? கட்டணம் உண்டா?

சரிபார்ப்பவர்கள் பல ஆட்டங்களில் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். கட்டணம் இருந்தால் பெரும்பாலும் ஆட்டத்துக்குள் உள்ள பணத்தில் இருக்கும். முதல் தடவை ஒன்றை மட்டும் அனுப்புங்கள். ஒரே பிழையோடு பத்து டிசைனை அனுப்பினால் பத்தும் ஒன்றாகத் திரும்பி வரும்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாதாடலாமா?

காரணம் புரியாவிட்டால் கேளுங்கள். "எந்த வாக்கியம் விதிக்குப் பொருந்தவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது தவறான டிசைன்கள் அல்ல. சொன்ன ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே மறுபடி அனுப்புவதுதான். நான் நிலவொளியைச் சுட்டியிருந்தால், அடுத்த வாக்கியத்தில் இருக்கும் சூரியோதயத்துக்கும் அது பொருந்தும்.

சரிபார்ப்பவரும் தவறு செய்வார். ஒருமுறை நான், கொசுவம் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு நல்ல பாவாடையைத் திருப்பி அனுப்பினேன். எழுதியவர் அமைதியாக, மடிப்பு எப்படி விழும் என்று இரண்டு வரியில் விளக்கினார். அன்றே ஒப்புதல் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அந்த இரண்டு வரியை முதலிலேயே குறிப்புப் பெட்டியில் எழுதியிருந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம். அரிதான சொல் ஏதாவது இருந்தால் நீங்களும் அப்படி எழுதிவையுங்கள்.

இன்னொருவர் டிசைனைப் பார்த்து எழுதலாமா? ஏஐ-யிடம் எழுதி வாங்கலாமா?

நீலச் சட்டை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இன்னொருவரின் வாக்கியம் அவருடையது. ஓரிரு சொல் மாற்றினாலும் அது அவருடையதுதான். திரைப்பட, காமிக்ஸ் பாத்திரங்களின் உடை, நிறுவனச் சின்னம் எதையும் எடுக்காதீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே ஒரு நகரத்தின் சீருடை, ஒரு குலத்தின் கொடி நிறம் போன்றவற்றுக்கு அந்தக் குழுவின் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

ஏஐ பற்றி ஆட்டத்தின் விதியைப் படியுங்கள். தடை இருந்தால் பேச்சே இல்லை. இல்லாத இடத்திலும், அப்படி வந்த உரைகளில் நான் மேலே சொன்ன பிழைகள் அத்தனையும் நிறைந்திருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். நிலவொளியும் படபடக்கும் நெஞ்சும் அவற்றில் தவறாமல் வரும்.

நீங்கள் சமர்ப்பித்த உரையை ஆட்டம் எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்பது அதன் ஒப்பந்த விதிகளில் இருக்கும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வேறொருவர் கேட்டு எழுதிக் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

"என்ன நிறம்?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேரக்டர் இதை உடுத்திக்கொண்டு எங்கே போகப் போகிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். குதிரை ஏறுகிறவருக்குப் பின்பக்கம் பிளவு வேண்டும். சமையல்காரருக்குக் கை முழங்கைக்கு மேல் சுருட்டி நிற்க வேண்டும். சமர்ப்பிக்கும் முன் வரைவை அவருக்குக் காட்டிவிடுங்கள். டிசைனைத் தனிப்பட்டதாக வைப்பதா, எல்லோருக்கும் விற்பதா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வந்ததெல்லாம் இதைப் பேசாமல் விட்ட இடத்தில்தான்.

ஒப்புதல் வந்த பிறகு எழுத்துப்பிழையைப் பார்த்தேன். திருத்தலாமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் அது மறுபடி சரிபார்ப்புக்குப் போகும். ஏற்கெனவே தைத்து விற்றவற்றில் பழைய உரையே இருக்குமா, புதியது தானாக வந்துவிடுமா என்பது ஆட்டத்தின் நிரலைப் பொறுத்தது. விற்பதற்கு முன் ஒன்றே ஒன்று தைத்து, தனி அறையில் உடுத்திப் பாருங்கள், கழற்றுங்கள், தரையில் போடுங்கள், அழைக்கும் சொற்கள் ஒவ்வொன்றாலும் எடுத்துப் பாருங்கள். பிறகு அதை ஒரு நண்பரிடம் கொடுத்து உடுத்தச் சொல்லி, நீங்கள் தள்ளி நின்று அவரைப் பாருங்கள். உங்கள் திரையில் சரியாக இருந்த வரி, அவர்மேல் இருக்கும்போது சில சமயம் வேறு மாதிரி வரும்.